இரண்டு கடல்களுக்கு நடுவே

நியூயார்க், செவ்வாய்

எட்டாவது அவென்யூவில் 49ஆம் தெருவுக்கும் 50ஆம் தெருவுக்கும் இடையே இப்போது ஒன் வேர்ல்டுவைட் பிளாசா என்ற அலுவலகக் கோபுரம் நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை ஆட, கையில் காபியோடு ஓடுகிறார்கள். பழைய மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் இருந்த இடம் இது. குத்துச்சண்டை, சர்க்கஸ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் மேடை. இரண்டாம் உலகப் போரில் இறங்க வேண்டாம் என்று அமெரிக்கா ஒதுங்கி நின்ற கதையைத் தேடித்தான் இந்தப் பயணம். முதலில் தேடி வந்தது அங்கே கழிந்த ஒரு ராத்திரியை: 1939 பிப்ரவரி 20.

அன்று ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்ற நாஜி ஆதரவு அமைப்பு இங்கே கூட்டம் போட்டது. உள்ளே இருபதாயிரம் பேர். வெளியே எதிர்ப்பாளர்களைத் தடுக்க 1,700 போலீஸ். மேடையில் ஸ்வஸ்திகாவும் அமெரிக்கக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில். நடுவே ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிதாக ஒரு படம். ஹிட்லர் இல்லை, ஜார்ஜ் வாஷிங்டன். அவருடைய பிறந்தநாளை ஒட்டித்தான் கூட்டத்தையே வைத்திருந்தார்கள்.

வாஷிங்டனைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பதவியை விட்டுப் போகும்போது 1796இல் அவர் எழுதிய பிரியாவிடை உரையில், அந்நிய நாடுகளோடு வணிகம் பெருகட்டும், அரசியல் தொடர்பு முடிந்தவரை குறைவாக இருக்கட்டும் என்றார். செனட்டில் இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஓர் உறுப்பினர் எழுந்து அதை முழுக்க வாசிக்கிறார். நூற்று நாற்பது வருஷம் கழித்து, ஐரோப்பாவில் என்ன நடந்தாலும் நமக்கென்ன என்று சொல்ல விரும்பிய எவருக்கும் அந்த உரை கைக்கு வாகாக இருந்தது. நேர்மையானவர்களுக்கும் உதவியது, இந்தக் கூட்டத்துக்கும் உதவியது.

தலைவர் ஃபிரிட்ஸ் கூன் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மேடையில் ஏறிப் பாய்ந்தார். பெயர் இசடோர் கிரீன்பாம். புரூக்ளினில் குழாய் வேலை பார்த்த 26 வயது யூதர். அமைப்பின் தொண்டர்கள் அவரை அடித்து, கால்சட்டையை உருவி எடுத்தார்கள். போலீஸ் அவரைத் தூக்கிப் போனது. நீதிமன்றம் அவருக்குத்தான் 25 டாலர் அபராதம் போட்டது. கூன் அதே ஆண்டு இறுதியில், தன் அமைப்பின் பணத்தையே கையாடிய வழக்கில் சிறைக்குப் போனார்.

நான் சுற்றிப் பார்த்தவரை இதைச் சொல்லும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். போர் வேண்டாம் என்று நின்ற கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் இந்த அரங்கத்தில் இருந்தவர்கள் அல்ல. இவர்களைப் பார்த்து அவர்களை எடைபோட்டால் கதையே புரியாது. அந்த மற்றவர்களைத்தான் இந்தப் பயணத்தில் தேடிப் போகிறேன்.

ஹைட் பார்க், புதன்

கிராண்ட் சென்ட்ரலில் ரயிலேறினால் பொகிப்சி வரை இடப்பக்கம் ஹட்சன் ஆறு கூடவே வருகிறது. இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். அங்கிருந்து வாடகைக் காரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வீடு.

அதிபராக இருக்கும்போதே தன் காகிதங்களுக்கென நூலகம் கட்டியவர் அவர். திறப்பு 1941 ஜூனில். ஐரோப்பாவில் ஜெர்மன் படைகள் ரஷ்யாவுக்குள் நுழைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே அவருடைய நீல நிற ஃபோர்டு கார் இருக்கிறது. கால் செயலிழந்தவர் ஆதலால் எல்லாமே கையால் இயக்கும் நெம்புகோல்கள்.

ரூஸ்வெல்ட் முதலிலிருந்தே ஹிட்லரை எதிர்க்கத் துடித்தார், மக்கள்தான் விடவில்லை என்றொரு கதை உண்டு. பாதிதான் உண்மை. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்க 1935இல் வந்த முதல் நடுநிலைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். 1936, 1937 சட்டங்களிலும் அவர் கையெழுத்துதான். வேலையில்லாதவர்களுக்கு வேலை, முதியோருக்கு ஓய்வூதியம் என்று அவர் கொண்டுவந்த திட்டங்களுக்கு மேற்கு மாநிலங்களின் முற்போக்கு செனட்டர்கள் ஓட்டுப் போட்டாக வேண்டும். நைய், வீலர், லா ஃபாலெட் என்று அவர்களில் பலரும் போரை வெறுத்தவர்கள். உள்ளூர்க் கஞ்சிக்கு வழி பண்ணியவர்களை வெளியூர் விவகாரத்துக்காகப் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. 1940 தேர்தலுக்கு முன் பாஸ்டனில், உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

வாஷிங்டன், வெள்ளி

நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலைப் பார்க்க வருபவர்களை முதலில் தரைக்கடியில் இருக்கும் பெரிய மண்டபத்துக்கு அனுப்புகிறார்கள். மாநிலங்கள் கொடுத்த சிலைகள் நிற்கின்றன. மொன்டானா கொடுத்தது ஜெனட் ராங்கின். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். பீடத்தில் ‘போருக்கு என்னால் வாக்களிக்க முடியாது’ என்று பொறித்திருக்கிறார்கள்.

1917 ஏப்ரலில் முதல் உலகப் போருக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஐம்பது பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். பதவி போயிற்று. 1940இல் திரும்பவும் ஜெயித்து வந்தார். ஹவாயில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, 388 பேர் போர் என்றார்கள். இவர் ஒருவர் மட்டும் இல்லை என்றார். கூட்டம் நெருக்கியதில் டெலிபோன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போலீஸை அழைக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் காந்தியின் வழியைப் படிக்க இந்தியாவுக்குப் பலமுறை வந்து போனார். அந்த ஓட்டு சரியா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். சிலைக்கு முன்னால் மட்டும் நகராமல் நின்றேன்.

அவரை உருவாக்கிய கோபம் எது என்று தெரிய, பக்கத்தில் செனட்டர்களின் அலுவலகங்கள் இருக்கும் ரஸல் கட்டடத்துக்குப் போனேன். பாதுகாப்புச் சோதனை முடிந்தால் யாரும் நடைகளில் நடக்கலாம். மூன்றாவது மாடியில் பளிங்குத் தூண்கள் கொண்ட விசாரணை மண்டபம். கதவு சாத்தியிருந்தது.

வடக்கு டகோட்டா செனட்டர் ஜெரால்ட் நைய் தலைமையில் ஒரு குழு 1934 முதல் 1936 வரை விசாரணை நடத்தியது. கேள்வி எளிது: 1917 போரில் யாருக்கு லாபம்? துப்பாக்கி மருந்து விற்ற டூ பான்ட் சகோதரர்கள் வந்து பதில் சொன்னார்கள். வங்கியாளர் ஜே.பி.மார்கன் வந்தார். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே அதன் வங்கிகள் நேச நாடுகளுக்குக் கொடுத்திருந்த கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்குக் கொடுத்தது சுமார் 2.7 கோடி என்பது வெளியே வந்தது. அந்தக் கடனைக் காப்பாற்றத்தான் நம் பிள்ளைகள் செத்தார்களா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். செத்தவர்கள் 1,16,000 பேர். உயிரோடு திரும்பியவர்கள் 1932இல், தருவதாகச் சொல்லியிருந்த போனஸ் தொகையைக் கேட்டு இதே நகரத்தில் கூடாரம் போட்டபோது, ஜெனரல் மக்ஆர்தர் டாங்கிகளோடு வந்து விரட்டினார். அந்த ஆத்திரத்தை அறியாமை என்று சொல்லக் கூடாது. 1937இல் கருத்துக் கணிப்பு எடுத்தபோது பத்தில் ஏழு பேர், முதல் போரில் நாம் இறங்கியதே தப்பு என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

குறை, அந்த ஆத்திரத்திலிருந்து பிறந்த நடுநிலைச் சட்டங்களில் இருக்கிறது. போரிடும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் விற்கக் கூடாது, கடன் தரக் கூடாது. கேட்க நியாயமாக இருக்கும். தெருச் சண்டையில் அரிவாளோடு வந்தவனுக்கும் வெறுங்கையனுக்கும் ‘ரெண்டு பேருக்கும் கம்பு கிடையாது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? 1935 அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தபோது அதுதான் நடந்தது. எத்தியோப்பியாவிடம் ஆயுதத் தொழிற்சாலை இல்லை, இத்தாலியிடம் இருந்தது. எண்ணெய் தடைப் பட்டியலில் இல்லாததால் இத்தாலிக்கு அமெரிக்க எண்ணெயும் போனது.

ஸ்பெயினில் இன்னும் மோசம். அங்கே தேர்தலில் வென்ற அரசுக்கு எதிராக ராணுவ ஜெனரல் ஃபிராங்கோ கிளம்பியபோது, ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானம் அனுப்பினார்கள். உள்நாட்டுப் போர் பழைய சட்டத்தில் வராது. அதற்கென்றே 1937 ஜனவரியில் அவசரமாகத் தனித் தடை கொண்டுவந்தார்கள். செனட்டில் 81க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 406க்கு 1. அந்த ஒருவர் மினசோட்டாவின் ஜான் பெர்னார்ட். அதே சமயம் டெக்ஸாகோ நிறுவனம் ஃபிராங்கோவுக்குக் கடனில் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தது. யாருக்கு லாபம் என்று கேட்டுப் பிறந்த சட்டம், கடைசியில் யாருக்கு லாபம் கொடுத்தது பாருங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்ட் 12 அன்று இதே கேபிடலில் ஓட்டுக்கு வந்தது. பிரான்ஸ் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று, லண்டன் குண்டு வாங்கியாயிற்று, ஜெர்மானியர் ரஷ்யாவுக்குள் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முடிவு 203க்கு 202. பேர்ல் ஹார்பருக்கு நான்கு மாதம்கூட இல்லை.

வாஷிங்டன், சனி

இன்று ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் செய்த யூதப் படுகொலையின் நினைவு அருங்காட்சியகம். நிறைய எழுத மனம் வரவில்லை.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட பிறகு கருத்துக் கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டது. நாஜிகள் யூதர்களை நடத்தும் விதம் பிடிக்கவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 94. சரி, இன்னும் அதிகம் யூத அகதிகளை இங்கே விடலாமா? பத்தில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், 937 பேரோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலை கியூபா திருப்பிவிட, மயாமியின் விளக்குகள் தெரியும் தூரத்தில் அது காத்திருந்தது. இறங்க விடவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள்.

சட்டப்படி இடமில்லை என்றார்கள். 1924 குடியேற்றச் சட்டம் நாட்டுக்கு இவ்வளவு பேர் என்று அளந்து வைத்திருந்தது. நமக்கு அந்த அளவும் கிடையாது. இந்தியர்களை 1917 சட்டமே மொத்தமாகத் தடுத்துவிட்டது. 1946இல் கதவு திறந்தபோது நமக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். போரில் இறங்காதே என்ற பேச்சையும் ஆளை உள்ளே விடாதே என்ற பேச்சையும் ஒரே வாய் பேசியதுண்டு, வேறு வேறு வாய்கள் பேசியதும் உண்டு. கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பயன்படவில்லை.

டெட்ராய்ட், ஞாயிறு

அக்கா மகன் இங்கே கார் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் என்னோடு வந்தான். “மாமா, ஊரு பூரா பாக்க எவ்வளவோ இருக்கு. நீங்க சர்ச்சுக்குப் போகணுங்கிறீங்களே” என்றான். போனது ராயல் ஓக் என்ற புறநகரில் சிறுமலர் ஆலயம். நெடுஞ்சாலை ஓரம் பிரம்மாண்டமான கல் கோபுரம், அதில் சிலுவையில் தொங்கும் ஏசு. பூசை முடிந்து குடும்பங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன.

சார்லஸ் காக்லின் என்ற பாதிரியார் 1926 முதல் இங்கிருந்து வானொலியில் பேசினார். முதலில் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம். பொருளாதாரம் நொறுங்கிய பிறகு வங்கிக்காரர்களைச் சாடினார். லட்சோபலட்சம் பேர் கேட்டார்கள். வேலையிழந்தவர்களுக்கு அவர் குரல் ஆறுதலாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. பிறகு அந்த வங்கிக்காரர்களுக்கு இனம் முளைத்தது. 1938 நவம்பர் 20 அன்று, ஜெர்மனியில் கண்ணாடி நொறுங்கிப் பத்து நாள் ஆன பிறகு, யூதர்கள் பட்ட அடிக்கு நியாயம் சொல்வதுபோலப் பேசினார். நியூயார்க்கில் அவர் உரையை ஒலிபரப்பிய நிலையம் மறுவாரமே மறுத்துவிட்டது. 1942இல் ஆயர் வாயை மூடச் சொன்னார். 1966 வரை இதே ஆலயத்தில் பங்குத்தந்தையாக இருந்தார்.

“இவ்வளவு வருஷமா இந்த ரோட்டுல போறேன் மாமா, ஒண்ணும் தெரியாதே” என்றான். திரும்பும்போது ஹென்றி ஃபோர்டைப் பற்றிச் சொன்னேன். 1938 ஜூலையில் தன் 75ஆவது பிறந்தநாளில் ஹிட்லர் அரசின் விருதை வாங்கிக்கொண்டவர். பிற்பாடு அவருடைய கம்பெனிதான் வில்லோ ரன் தொழிற்சாலையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. வேகம் கூடிய காலத்தில் மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியே வந்தன. அவன் அந்தக் கணக்கைத்தான் ரசித்தான். “அந்தக் காலத்துலயா!” என்று இரண்டு தடவை கேட்டான். ராத்திரி அவன் வீட்டில் ரசம் சாதம்.

சிகாகோ, செவ்வாய்

ஏரியோரச் சாலை சிகாகோ ஆற்றைக் கடக்கும் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. 1937 அக்டோபர் 5 அன்று இதைத் திறந்துவைக்க வந்த ரூஸ்வெல்ட், சட்டமின்மை ஒரு தொற்றுநோயாகப் பரவுகிறது, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதுபோலச் செய்ய வேண்டும் என்றார். எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஜப்பான் அந்த ஜூலையில் சீனாமேல் முழுப் போர் தொடங்கியிருந்தது, எல்லோருக்கும் புரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அவரே மெல்லப் பின்வாங்கினார். டிசம்பரில் யாங்சி ஆற்றில் அமெரிக்கக் கடற்படையின் பனே என்ற பீரங்கிப் படகை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. ஜனவரியில் நாடாளுமன்றம் எதை விவாதித்தது தெரியுமா? நாடு தாக்கப்பட்டால் தவிர, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போரே அறிவிக்கக் கூடாது என்ற லட்லோ திருத்தத்தை. 209க்கு 188 என்று தள்ளுபடியானது. இதற்கிடையே அமெரிக்கப் பழைய இரும்பும் எண்ணெயும் ஜப்பானுக்குப் போய்க்கொண்டே இருந்தன. இரும்பு 1940 வரை, எண்ணெய் 1941 வரை.

அங்கிருந்து டிரிப்யூன் கோபுரத்துக்கு நடை. போர் எதிர்ப்பில் முன்னணியில் நின்ற சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் பழைய கட்டடம், இப்போது குடியிருப்பு. உலகமே வேண்டாம் என்ற அதன் முதலாளி மக்கார்மிக், உலகத்தின் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லிக் கீழ்ச் சுவரில் பதித்து வைத்திருக்கிறார். சீனப் பெருஞ்சுவரின் கல் இருக்கிறது, தாஜ்மகாலின் கல்லும் இருக்கிறது. சிரித்துவிட்டேன்.

நாடு போரில் இறங்கக் கூடாது என்று இயங்கிய அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டியின் தலைமையகமும் இந்த ஊரில்தான். யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவர் ஆரம்பித்தது, 1940 செப்டம்பரில். ஆதரித்த மாணவர்களில் பிற்கால அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு உண்டு. நூறு டாலர் அனுப்பியவர் ஜான் கென்னடி. சோஷலிஸ்ட் நார்மன் தாமஸ் அதன் மேடைகளில் பேசினார். தலைவர், சியர்ஸ் கம்பெனியின் ஜெனரல் ராபர்ட் வுட். உச்சத்தில் எட்டு லட்சம் உறுப்பினர்கள். ஆரம்பத்தில் சியர்ஸ் குடும்பத்தின் யூதரான லெஸிங் ரோசன்வால்டும் குழுவில் சேர்ந்தார். ஹென்றி ஃபோர்டைச் சேர்த்ததும் அவர் விலகிக்கொண்டார். பிறகு ஃபோர்டையும் நீக்கினார்கள். ஆனால் ரோசன்வால்ட் திரும்ப வரவில்லை.

டெமாய்ன், அயோவா, வியாழன்

சிகாகோவிலிருந்து பேருந்து. வழியெல்லாம் சோளம். ‘நான்கில் ஒரு அமெரிக்கப் பையனை உழுது புதைக்கும் திட்டம்’ என்று ரூஸ்வெல்ட்டின் ஆயுத உதவி மசோதாவை செனட்டர் வீலர் சாடியது, விளைச்சலை உழுது புதைக்கச் சொன்ன அரசாங்கத்தைப் பார்த்திருந்த இந்த விவசாயிகளுக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

1941 செப்டம்பர் 11. ஆற்றோர அரங்கில் அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டியின் கூட்டம், எட்டாயிரம் பேர். முதலில் ஒலிபெருக்கியில் ரூஸ்வெல்ட்டின் வானொலிப் பேச்சைப் போட்டார்கள். ஜெர்மன் கப்பல்களைக் கண்டால் நம் கடற்படை சுடும் என்றார் அவர். அடுத்து மேடையேறினார் சார்லஸ் லிண்ட்பெர்க். அட்லான்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த, நாடே தலையில் தூக்கி வைத்த மனிதர். நாட்டைப் போருக்குள் தள்ளுவது மூன்று கூட்டம் என்றார்: பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு. யூதர்களின் ஆபத்து, சினிமாவிலும் பத்திரிகையிலும் வானொலியிலும் அரசிலும் அவர்களுக்கு இருக்கும் செல்வாக்கில் இருக்கிறது என்றும் சேர்த்தார். 1940 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றிருந்த வில்கியே பகிரங்கமாகக் கண்டித்தார். கமிட்டி அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அதே வாரம் வாஷிங்டனில் ஒரு செனட் துணைக்குழு ஹாலிவுட்டின் போர்ப் பிரச்சாரத்தை விசாரிக்க உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னின்று கிளப்பியவர், 1934இல் டூ பான்ட்களைக் கேள்வி கேட்ட அதே ஜெரால்ட் நைய். ஆயுத வியாபாரிகளைத் துளைத்த கேள்வி, ஏழே ஆண்டில் படமுதலாளிகளின் பெயர்களை வாசிக்கும் வேலையாக மாறிவிட்டது. யாருக்கு லாபம் என்று தொடங்கியவர்கள் யார் இவர்கள் என்று கேட்பதில் போய் நின்றார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நைய் 1941 டிசம்பர் 7 மதியம் பிட்ஸ்பர்க்கில் கமிட்டிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். பேர்ல் ஹார்பர் செய்தியை நிருபர் சொல்லியும் பேச்சை நிறுத்தவில்லை. அந்த வாரமே கமிட்டி கலைந்தது.

லிட்டில் ஃபால்ஸ், மினசோட்டா, சனி

மிசிசிப்பி இங்கே சிறு பையன், நம் வைகை அகலம்கூட இல்லை. கரையில் லிண்ட்பெர்க் வளர்ந்த மரவீடு. ஆற்றைப் பார்த்த பின்திண்ணையில்தான் பையன் தூங்குவானாம். வீட்டைக் காட்டிய பெண்மணி விமானத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசினார். டெமாய்ன் பேச்சைப் பற்றிக் கேட்டதும் தயங்காமல் பதில் சொன்னார், மழுப்பவில்லை.

பக்கத்துப் பூங்காவின் பெயர் சார்லஸ் ஏ. லிண்ட்பெர்க். மகன் என்று நினைத்துவிடாதீர்கள், அப்பா. 1907 முதல் 1917 வரை நாடாளுமன்றத்தில் இருந்தவர். பண முதலைகளை எதிர்த்தார், போரை எதிர்த்தார். போர் நடந்துகொண்டிருந்த 1918இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது கூட்டங்களைக் கலைத்தார்கள், துரோகி என்றார்கள். போரை ஏன் நடத்துகிறோம் என்று கேட்ட அவருடைய புத்தகத்தின் அச்சுத் தகடுகளை அரசு ஆட்கள் அழித்தார்கள். அந்தத் தேர்தலில் அப்பாவுக்குக் காரோட்டிக் கொடுத்தது பதினாறு வயது மகன். அவன் மனசில் என்ன தங்கியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அப்பா வங்கிகள் என்று சொன்ன இடத்தில், இருபத்து மூன்று வருஷம் கழித்து மகன் வேறு பெயர் போட்டார்.

போர் வந்ததும் மகன் விமானப்படையில் திரும்பச் சேரக் கேட்டார். ரூஸ்வெல்ட் அரசு மறுத்தது. வில்லோ ரன்னில் ஃபோர்டுக்கு ஆலோசகராகப் போனார். 1944இல் சிவிலியனாகவே பசிபிக்கில் ஐம்பது போர்ப் பறப்புகள்.

அப்பாவின் புத்தகத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மினியாபோலிஸ் திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் படித்தாயிற்று. வங்கிகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் நிறைய எனக்குச் சரியாகத்தான் படுகிறது.